ஆறு வரிசையிலும் முதலிடம்

புள்ளியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காக என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி துறைத்தலைவர் கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை, சின்ன வயது. முதலில் சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதிலும் இரண்டு வரியை என் மனைவி நம்பவில்லை. பிறகு தவறுகளை எழுதிப் பார்த்தேன். பேனா நிற்கவே இல்லை. ஆகவே தவறுகள்தான் உங்களுக்கு.

சூத்திரம் எதுவும் இதில் வராது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைக் கணினி பார்த்துக்கொள்ளும். கணினியால் ஆகாத ஒரு வேலை உண்டு, நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்ப்பது. அந்த வேலையை நானும் வெகுகாலம் செய்யவில்லை.

என் நோயின் அறிகுறி ஆரம்பத்திலேயே தென்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளகோவிலில் என் மச்சினிக்குக் கல்யாணம். எத்தனை பேருக்குச் சமைப்பது என்று மாமனார் வீட்டில் பேச்சு வந்தது. "கொஞ்சம் இருங்க மாமா" என்று நான் காகிதத்தை எடுத்தேன். பத்திரிகை கொடுத்த வீடுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, அவர்களிடம் கேட்டு, வீட்டுக்கு இத்தனை பேர் என்று சராசரி கண்டு, மொத்தக் கணக்கைச் சொன்னேன். சமையல்காரர் என்னையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமான எச்சரிக்கை. நம் பக்கத்தில் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள், மரியாதைக்காக. "நானும் ஊட்டுக்காரியும் வந்துட்டுப் போறமுங்க" என்பார்கள். வந்து இறங்குவது வேனில். இரண்டாம் பந்தியிலேயே சோறு தீர்ந்தது. அவசரமாக ரவை வாங்கி வந்து உப்புமா கிண்டினார்கள். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் உப்புமா செய்தால் என்னைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணைப் பார்த்தேன், எண்ணைச் சொன்ன மனிதரைப் பார்க்கவில்லை. அன்றைக்கே இது புரிந்திருக்க வேண்டும். நான் சமையல்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு இருபது வருடம் நிம்மதியாக இருந்தேன். அதனால் அதே பாடம் இன்னொரு முறை வந்தது. அந்த முறை தீர்ந்துபோக இருந்தது சோறு அல்ல, ஒரு பெண்ணின் ஐந்து வருட உழைப்பு.

அவள் பெயர் பர்வீன். கோட்டைமேட்டுப் பெண். அப்பா பூட்டு சாவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். தாவரவியலில் ஆராய்ச்சி மாணவி. மஞ்சள் கிழங்கை நடுவதற்கு முன்னால் ஒரு நுண்ணுயிர்க் கரைசலில் ஊறவைத்தால் விளைச்சல் கூடுமா என்பது அவளுடைய கேள்வி. ஈரோட்டைத் தாண்டி சின்னச்சாமி என்ற விவசாயி தன் தோட்டத்தில் ஒரு பகுதியைச் சோதனைக்கு விட்டுக்கொடுத்திருந்தார். எந்த இடத்தில் எதை நடுவது என்று வரைபடம் போட்டுத் தரும்படி அவள் என்னிடம் வந்தாள். எல்லாத் துறை மாணவர்களும் அப்படித்தான் வருவார்கள். ஆய்வேட்டில் எண்கள் இருந்தால் நம் கையெழுத்து வேண்டும்.

நிலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே எந்தப் பாத்தியில் எதை நடுவது என்பதை மனிதர்கள் முடிவு செய்யக் கூடாது, குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். நம் தொழிலின் அஸ்திவாரம் அது. நான் ஆறு வரிசை போட்டேன், வரிசைக்கு நான்கு பாத்தி. நான்கில் ஒன்றில் அவளுடைய கரைசலில் ஊறிய கிழங்கு, மற்ற மூன்றில் வழக்கமான முறைகள். எது எங்கே என்று கணினியில் குலுக்கி எடுத்து, வண்ணம் தீட்டி அச்சிட்டுக் கொடுத்தேன். விளைச்சலை எழுத ஓர் அட்டவணையும் தயாரித்தேன். வரிசை எண், முறை, எடை என்று மூன்றே கட்டம். எவ்வளவு சுருக்கமாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

"சார், ஒருக்கா தோட்டத்தைப் பாத்துட்டுப் போட்டா நல்லா இருக்குமுங்களா?" என்று பர்வீன் கேட்டாள்.

"தேவையில்லைம்மா. குலுக்கல் போட்டாச்சுன்னா நிலம் எப்படி இருந்தாலும் கவலையில்ல" என்றேன்.

இதை நான் சொல்லவில்லை என்று மறுக்க முடிந்தால் மறுத்திருப்பேன். கேட்டவள் உயிரோடும் நல்ல ஞாபகசக்தியோடும் இருக்கிறாள்.

மாசியில் மஞ்சள் வெட்டினார்கள். எடைகள் என் மேசைக்கு வந்தன. கரைசல் பாத்தி ஆறு வரிசையிலும் முதலிடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கல்லூரியில், களச் சோதனைகளை எப்படி வடிவமைப்பது என்று நான் பேச வேண்டியிருந்தது. களம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவன் பேசுவதற்கு எவ்வளவு பொருத்தமான தலைப்பு பாருங்கள். அந்தப் பேச்சில் பர்வீனின் முடிவை முன்மாதிரியாகக் காட்டலாம் என்று படம் வரைந்துகொண்டிருந்தபோதுதான் மனதில் ஏதோ உறுத்தியது.

மண்ணில் விளைவது இவ்வளவு கீழ்ப்படிதலாக நடந்துகொள்ளாது. ஏதாவது ஒரு வரிசையிலாவது முரண்டு பிடிக்கும். இங்கே ஆறும் கைகட்டி நின்றன. எடைகளை மறுபடி பார்த்தேன். எல்லா எடையும் முழுக் கிலோவிலோ அரைக் கிலோவிலோதான் முடிந்தன.

என் ஆய்வு வழிகாட்டி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அவருடைய பெயரைப் போடவில்லை. என்னைத் தன் மாணவன் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "ஒருத்தன் வீட்டில் உட்கார்ந்து எண்களைக் கற்பனை செய்தால் கடைசி இலக்கம் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்" என்பார் அவர். அதோடு இன்னொரு வாக்கியமும் சொல்வார். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பர்வீன் எண்களை இட்டுக்கட்டிவிட்டாள் என்று அரைமணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன். தீர்ப்போடு நிற்கவில்லை. பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். இந்த மாணவியின் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல, விசாரிக்க வேண்டும் என்று. கவரில் போட்டு, முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டினேன். மேசைமேல் வைத்துக்கொண்டு அவளை வரச்சொன்னேன்.

வழக்கமாக அவளை "வாம்மா, உக்காரும்மா" என்பேன். அன்று "வாங்க, உக்காருங்க" என்றேன். நம் ஊரில் ஒருவரை அவமானப்படுத்த வசவே தேவையில்லை, மரியாதையைக் கொஞ்சம் கூட்டினால் போதும். அவளுக்கு அப்போதே விளங்கியிருக்கும்.

"இந்த எடையெல்லாம் நீங்களே எடுத்ததுங்களா?"

"ஆமாங்க சார். ரெண்டு நாளு அங்கயே நின்னு எடுத்தனுங்க."

"எல்லாமே அரைக் கிலோவில வந்து நிக்குதே, எப்படி?"

"எனக்குத் தெரியலைங்க சார். தராசு காட்டுனதை எழுதினேன்."

"ஆறு வரிசையிலும் ஒண்ணே ஜெயிக்குது. உங்களுக்கே இது ஆச்சரியமா இல்லைங்களா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. எல்லா நீட்டிப்பும் வாங்கி முடித்தாயிற்று. ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வேறு காத்திருந்தது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டும் போய்விடும். பொய்க்கணக்கு எழுதினாள் என்று பெயர் வந்தால் அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் அவளைக் கூப்பிடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "சார், நீங்க ஒருக்கா தோட்டத்துக்கு வந்து பாருங்க. அதுக்கப்புறம் என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றாள்.

சரி என்றேன். நேரில் போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, கடிதத்தை ஈரோட்டிலேயே தபாலில் சேர்த்துவிடலாம் என்பது என் திட்டம். மறுநாள் காலை கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். பர்வீன் எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். "குடுங்க சார், நான் வெச்சுக்கறேன்" என்று பையை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. ஈரோடு போகும்வரை பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு மரியாதை தெரிந்த பெண் ஏன் இப்படிச் செய்தாள் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பி வருத்தப்பட்டுக்கொண்டே போனேன். 

சின்னச்சாமியும் அவர் மனைவி ராமாத்தாளும் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"வாங்க சார், வாங்க. அம்மணி எப்பவும் உங்க பேரைத்தான் சொல்லும்ங்க" என்றார் சின்னச்சாமி. அவர் நீட்டிய இளநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

முதலில் எடை போட்ட இடத்தைக் காட்டச் சொன்னேன். கொட்டகை விட்டத்தில் வட்ட முகம் வைத்த ஒரு தொங்கு தராசு இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அதில் முழுக் கிலோவுக்கு ஒரு பெரிய கோடு, நடுவில் அரைக் கிலோவுக்கு ஒரு சின்னக் கோடு. வேறு கோடே கிடையாது. அந்தத் தராசில் யார் எடை போட்டாலும், நானே போட்டிருந்தாலும், அரைக் கிலோவில்தான் வந்து நிற்கும்.

என் வழிகாட்டியின் இரண்டாவது வாக்கியம் அங்கே நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது. "ஆனால் அதற்கு முன்னால் தராசைப் பார்" என்பார். முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைத் திருடியாக்கப் பார்த்தேன். முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தோன்றியிருக்க வேண்டியது எனக்குத் தோன்றவில்லை. பர்வீன் தராசைச் சுட்டிக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தள்ளி நின்று ராமாத்தாளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அத்தோடு கிளம்பியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். நான்தான் வந்ததற்கு நிலத்தையும் பார்த்துவிடலாம் என்றேன்.

வெட்டி முடித்த நிலம் வெறுமையாகக் கிடந்தது. மேல்பக்கம் வாய்க்கால். அங்கே மண் கறுத்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அங்கிருந்து கீழே போகப் போக மண் இறுகிக்கொண்டே வந்தது. கீழ்க்கோடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. என்னுடைய ஆறு வரிசையும் வாய்க்காலிலிருந்து கீழ்க்கோடிவரை இறங்கின. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பாத்தி சொர்க்கத்தில், ஒரு பாத்தி நரகத்தில். நிலத்தை ஒருமுறை பார்த்திருந்தால் எந்தப் புள்ளியியல்காரனும் வரிசையை இப்படிப் போட மாட்டான். சரிவுக்குக் குறுக்கே போட்டிருப்பான்.

"இதுல கரைசல் போட்டது எந்தெந்தப் பாத்திங்க?" என்று கேட்டேன்.

சின்னச்சாமி பெருமையாகக் கையை நீட்டினார். ஆறு வரிசையிலும் வாய்க்காலோரத்துப் பாத்தி.

"நான் குடுத்த படத்துல அப்படி இல்லையேங்க."

"அதுங்களா. நீங்க குடுத்த காயிதத்துல அம்மணியோட மருந்தைப் பாதி வரிசையில கீழ்க்கோடியில போட்டிருந்தீங்க. அங்க தண்ணி நிக்கும்ங்க, ஒண்ணும் வெளையாது. அந்தப் புள்ள அத்தன தூரம் பஸ்ஸேறி வந்து பாடுபடுது. அதோட மருந்தைக் கொண்டுபோயி அங்க நடறதுங்களா? ஊட்டுக்கு வந்தவீங்களுக்கு நல்ல பாயைத்தானுங்க விரிப்போம். மனசு கேக்குலீங்க. எல்லா வரிசையிலயும் மேல்பாத்தியாப் பாத்து மாத்தி நட்டுப்போட்டனுங்க. பேரு எழுதுன அட்டையையும் புடுங்கி மாத்திக் குத்திட்டேன். தப்பு ஒண்ணும் இல்லீங்களே?"

நடவு நாளன்று பர்வீன் அங்கே இல்லை, அவள் அக்காவுக்குக் கல்யாணம். அட்டைகளைக் குத்திவைத்துவிட்டு, கிழங்குப் பைகளில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள், மூன்று நாள் கழித்துத்தான் வந்திருக்கிறாள். அறுவடையின்போதும் படத்தோடு ஒத்துப்பார்க்காமல், அட்டையில் இருந்த பெயரைப் பார்த்து எடையை எழுதியிருக்கிறாள். பாத்தி எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுத என் அழகான அட்டவணையில் கட்டமே இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பர்வீனைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரைசல் ஜெயித்ததா, வாய்க்கால் ஜெயித்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முகம் வெளிறிப்போய் அந்த மேல்பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நேர்மையானவள் என்று நிரூபித்த அதே நேரத்தில் அவளுடைய ஆராய்ச்சியையும் நான் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன்.

சின்னச்சாமி எங்கள் முகங்களைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஏனுங்க சார், ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்றார். "இல்லைங்கய்யா, நீங்க நல்லதுதான் நெனச்சீங்க" என்று பர்வீன்தான் அவரைச் சமாதானப்படுத்தினாள்.

திரும்பும் பேருந்தில் என் மனம் எப்படி வேலை செய்தது என்பதை உங்களுக்காக ஒளிக்காமல் எழுதுகிறேன். ஈரோட்டில் ஏறும்போது உண்மையை எழுதிவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். பெருந்துறை வந்தபோது, ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு போட்டால் போதாதா என்று தோன்றியது. அவிநாசி நெருங்கும்போது, இது தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தானே, அவளுக்கும் வேலை கிடைக்கும், என் வரைபடத்தைப் பற்றியும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக யோசிப்பதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேருந்து இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருந்தால் நான் எங்கே போய் நின்றிருப்பேனோ தெரியாது.

"சார்" என்றாள் பர்வீன். "இதை எப்படிங்க எழுதறது?"

எழுதலாமா என்று அவள் கேட்கவில்லை, எப்படி எழுதுவது என்று கேட்டாள். எனக்கு அப்போது வந்த வெட்கத்தை இத்தனை வருடம் கழித்தும் மறக்க முடியவில்லை. அவளைவிட வயதிலும் பதவியிலும் பெரியவன் நான். அவளுக்கு இழக்க எல்லாம் இருந்தது, எனக்கு இழக்கக் கொஞ்சம் பெயர் மட்டும்தான் இருந்தது. தயங்கியது நான்.

"நான் எழுதறேம்மா. தப்பு என்னோடது" என்றேன்.

"இன்னொரு தடவை நட்டரலாங்க சார். டைம் குடுப்பாங்களா?"

"கேக்கறேன்."

கேட்பது சுலபமாக இல்லை. சிறப்பு நீட்டிப்புக்குப் பல்கலைக்கழகக் குழு காரணம் கேட்கும். காரணம் மாணவியிடம் இருந்தால் கொடுக்க மாட்டார்கள். ஆகவே காரணம் நான்தான் என்று நானே எழுதித்தர வேண்டும். முதல் நாள் எழுதிய வரைவில் "எதிர்பாராத சூழலில் சில பிழைகள் நேர்ந்துள்ளன" என்றிருந்தது. பிழைகள் தாமாகவே பேருந்து பிடித்து ஈரோடு போய் இறங்கியதைப் போல. கிழித்துப் போட்டேன். இரண்டாம் நாள்தான் சரியாக வந்தது. "நிலத்தைப் பார்க்காமல் நான் வரைபடம் போட்டேன். குலுக்கல் எதற்காக என்று விவசாயிக்கு நான் விளக்கவில்லை. இடத்தைக் குறித்துவைக்க நான் கொடுத்த அட்டவணையில் வழி இல்லை. மாணவியின் தரவுகள் உண்மையானவை. தவறு முழுக்க என்னுடையது." அவ்வளவுதான் கடிதம். உடனே பெரிய வீரனாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்துப் பேச்சில் பர்வீனின் முடிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு வேறொரு பழைய உதாரணத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அத்தனை பேர் முன்னால் சொல்லத் தைரியம் வரவில்லை.

நீட்டிப்பு கிடைத்தது. நேர்முகத் தேர்வு போய்விட்டது. அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்தார். பர்வீன் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நடவுக்கு நானும் போனேன், தலையில் தொப்பி, கையில் கயிறு, எல்லாம் சகிதமாக. இந்த முறை சரிவுக்குக் குறுக்கே வரிசைகளை நானே அளந்து போட்டேன். எது எங்கே என்ற காகிதத்தைச் சின்னச்சாமியிடம் நீட்டி, "இதை மட்டும் தயவுசெஞ்சு மாத்திடாதீங்க" என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார். "இங்கயும் அம்மணி மருந்தை ஒரு பக்கமா மூலையில போட்டிருக்கீங்களே" என்று இழுத்தார். நான் இடம் சமமாக இருப்பதன் அவசியம், சார்பின்மை என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். அவர் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். அந்த மரியாதைத் தலையாட்டலை எனக்கு வெள்ளகோவில் கல்யாணத்திலிருந்தே தெரியும். நான் போனதும் மறுபடி மாற்றிவிடுவார்.

அப்போது ராமாத்தாள் கேட்டார். "ஏனுங்க, எது எங்கங்கறதை எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?"

"நான் முடிவு பண்ணலைங்க. கம்ப்யூட்டர்ல சீட்டுக் குலுக்கற மாதிரி குலுக்கி எடுத்ததுங்க."

"சீட்டுங்களா?" என்று தன் கணவரைப் பார்த்தார். "போன தடவையும் சீட்டுத்தானுங்களா?"

"ஆமாங்க."

"அதை நீங்க சொல்லவே இல்லீங்களே! நீங்களா ரோசனை பண்ணி எழுதுனதுன்னுல்ல நெனச்சோம். பாவம், படிச்சவரு, மண்ணு தெரியாம எழுதிப்போட்டாரு, நாமளாச்சும் சரி பண்ணுவோம்னு இவரு மாத்துனாருங்க. மனுசன் எழுதுனதை மாத்தலாமுங்க. விழுந்த சீட்டை எப்படிங்க மாத்தறது?"

நம் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும், பெண் எடுப்பதானாலும் கோயிலில் பூவாக்குக் கேட்பது வழக்கம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். எது வந்ததோ அதுதான் பேச்சு. பிடிக்காத பூ வந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். என் தொழிலின் அஸ்திவாரத்தை அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறது. நான் அவர்களுக்கு வண்ண அச்சில் கொடுத்ததுதான் புரியாமல் போயிருக்கிறது.

என் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். வரப்போரத்தில் அவர்கள் கும்பிடும் கன்னிமார் கல் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து பர்வீன் சீட்டுகளை எழுதி மடித்தாள். அவளுக்கு இதில் சங்கடம் இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டேன். "சீட்டு எங்க வெச்சு எடுத்தாலும் சீட்டுத்தானுங்க சார். நல்லாக் குலுக்குங்க, நீங்க குலுக்கறதே பத்தலை" என்றாள். ராமாத்தாள் ஒவ்வொன்றாக எடுத்தார். நான் அட்டையைக் குத்திக்கொண்டே போனேன். ஒரு வரிசையில் அவளுடைய கரைசலுக்குக் கல்லும் கரடுமான மூலை விழுந்தது. சின்னச்சாமியின் முகம் சுருங்கியது. "அங்கயாங்க..." என்றார். ராமாத்தாள் அவரைப் பார்த்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த வருடம் எந்த அட்டையும் நகரவில்லை.

அறுவடை முடிந்து எடைகள் வந்தன, இந்த முறை கிராம் காட்டும் தராசில். கரைசல் பாத்தி நான்கு வரிசையில் முன்னால் இருந்தது, ஒன்றில் சமம், கரட்டு மூலையில் கடைசி. லாபம் உண்டு, கொஞ்சம்தான். பார்க்க அழகில்லாத அட்டவணை. நான் கையெழுத்துப் போட்டதிலேயே என்னை உறுத்தாத அட்டவணை அதுதான். பர்வீன் பட்டம் வாங்கினாள். அதற்கடுத்த வருடம் ஈரோட்டிலேயே ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. முதல் வருடச் சோதனை எப்படிக் கெட்டது என்று அவள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதினாள். அதில் என் பெயர் இல்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இந்த வரைபடத்தைப் போட்ட மகானுபாவர் யார்?" என்று கேட்டார். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்வரிசையில் எழுந்து நின்றேன். மேட்டுப்பாளையத்தில் செய்யாததை அன்றைக்காவது செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இந்தக் கதையை இதுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் துறைத்தலைவரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் தராசைச் சொல்வேன், வாய்க்காலைச் சொல்வேன், சீட்டைச் சொல்வேன். அந்தக் கவரை மட்டும் சொன்னதில்லை. அன்று திரும்பி வந்ததும் அதை மேசை இழுப்பறையின் அடியில் போட்டேன். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. பர்வீனிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை. அவளுக்குக் கடிதத்தைப் பற்றித் தெரியாது, சந்தேகப்பட்டது மட்டும்தான் தெரியும், அதுவும் மறந்திருப்பாள் என்று வசதியாக நினைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று இழுப்பறையைக் காலி செய்தபோது கவர் கையில் அகப்பட்டது. கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிரிவு விழாவுக்கு ஈரோட்டிலிருந்து பர்வீனும் வந்திருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நாம முதல்ல தோட்டத்துக்குப் போன அன்னிக்கு என் பையில ஒரு லெட்டர் இருந்தது" என்றேன்.

"ஆராய்ச்சிப் பிரிவுக்கு எழுதுன கவருங்களா சார்? அது எனக்குத் தெரியுமுங்க. நீங்க என்னை விசாரிச்சப்ப மேசை மேலதான இருந்துச்சு. ஸ்டாம்பு கூட ஒட்டியிருந்தீங்க."

"தெரிஞ்சுமா அன்னிக்கு அத்தன மரியாதையா என் பையைத் தூக்கிட்டு வந்தே?"

"மரியாதைக்கு இல்லைங்க சார்" என்று அவள் சிரித்தாள். "வழியில எங்கயாவது போஸ்ட் பாக்ஸைப் பாத்தா போட்டுருவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க. தோட்டத்தைப் பாக்கற வரைக்கும் பை எங்கிட்டயே இருக்கட்டும்னுதான் வாங்கி வெச்சுக்கிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டியது. அவள், "விடுங்க சார், அதான் வந்து பாத்தீங்கல்ல" என்றாள். பிறகு சால்வைகளும் பரிசுப் பொட்டலங்களும் திணித்து உப்பிப்போயிருந்த என் கைப்பையைக் குனிந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"இப்ப எதுக்கும்மா?" என்றேன்.

"இப்ப மரியாதைக்குத்தானுங்க சார்" என்றாள்.